காற்றில் நடந்து வந்த நெருப்பு

துக்க வீட்டின் அழுகைச் சத்தம் ஞானஜோதிக்குப் பழகிப்போன ஒன்று. நள்ளிரவில் வரும் போன் அழைப்புக்கும் அவள் பயப்படுவதில்லை. அவளை நடுங்க வைப்பது ஒரே ஒரு சத்தம்தான். பிளாஸ்டிக் கேனைச் சாய்த்ததும் அதன் வாயிலிருந்து வருமே ஒரு 'குபுக்', அந்தச் சத்தம்.

ஞானஜோதியும் அவள் கணவர் எட்மண்டும் முடிச்சூரில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும் வரை, இறந்தவரின் உடல் கெடாமல் காக்கும் கண்ணாடிப் பெட்டி அது. மழைக்காலத்தில் தாம்பரத்துக்குத் தெற்கே எந்தத் தெருவில் எப்போது கரண்ட் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? அதனால் பெட்டி போகும் இடத்துக்கெல்லாம் ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரும் கூடப் போகும். ஜெனரேட்டரோடு அந்தக் கேனும் போகும்.

சாய்த்தால் முதலில் ஒன்றும் வராது. இன்னும் சாய்த்தால் நூல் மாதிரி ஒழுகும். பிறகு உள்ளேயிருந்து யாரோ தள்ளிவிட்டது போல, குபுக்கென்று ஒரு கை பெட்ரோல் பாய்ந்து டேங்கின் வாயைத் தாண்டி வெளியே விழும். எண்ணெய் சிந்தினால் துடைத்துவிட்டுப் போகலாம். பெட்ரோல் சிந்தினால்?

சிந்தினால் என்ன ஆகும் என்று ஞானஜோதி கண்ணால் பார்த்தவள்.

போன வருஷ மழையில், மண்ணிவாக்கத்தில் ஒரு துக்க வீடு. அப்போதெல்லாம் ஜெனரேட்டர் வேலை எட்மண்டுடையது. டேங்கில் பெட்ரோல் தீரப்போகிற நேரம். நிறுத்திவிட்டு ஊற்றலாம் என்று அவர் குனிந்தபோது, "நிறுத்தாதீங்க, உள்ள அப்பா இருக்காரு" என்று உறவுக்காரர்கள் கத்தினார்கள். துக்கத்தில் இருப்பவர்களிடம் யார் வாதாடுவது? ஓடுகிற இயந்திரத்திலேயே கேனைச் சாய்த்தார். குபுக். தரையெல்லாம் பெட்ரோல்.

தலைமாட்டில் ஏற்றி வைத்திருந்த விளக்கை, கூட்டம் நெருக்கியதால் யாரோ வாசற்படிக்கு நகர்த்தியிருந்தார்கள். விளக்குக்கும் சிந்திய பெட்ரோலுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. துடைக்கத் துணியோடு வந்த ஞானஜோதி அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். விளக்கிலிருந்து நீலமாக ஏதோ ஒன்று இறங்கியது. தரையில் ஒன்றுமில்லாத இடத்தில், வெறும் காற்றில், அது நடந்தது. நடந்து வந்து தன் கணவரின் வலது கையைப் பற்றிக்கொண்டதை அவள் பார்த்தாள்.

உயிர் பிழைத்தார் எட்மண்ட். கைதான் பழைய கையாகத் திரும்பவில்லை. தோல் இழுத்துக்கொண்டு, விரல்கள் பாதிதான் மடங்கின. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "சைலன்சர் சூடா இருந்துச்சு, சிந்திச்சு, பத்திகிச்சு" என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் யாராவது கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். தான் பார்த்ததை ஞானஜோதியும் அவரிடம் சொன்னதில்லை. வெந்துபோன மனுஷனிடம் எதைச் சொல்லி மறுபடியும் வேக வைப்பது? அந்த வீட்டில் அந்த நாளைப் பற்றிய பேச்சே இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு ஜெனரேட்டர் வேலை ஞானஜோதியின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு முறை கேனைத் தூக்கும்போதும் உதடு தானாக ஜெபம் சொல்லும். தண்ணீர் பாட்டிலை அடிப்பக்கம் அறுத்துக் கவிழ்த்துப் புனல் செய்து பார்த்தாள். பாட்டிலின் குறுகிய கழுத்து, குபுக்கென்று வந்த வேகத்தைத் தாங்காமல் பொங்கி வழிந்தது. ரப்பர் குழாயைக் கேனுக்குள் விட்டு வாயால் உறிஞ்சி இழுத்துப் பார்த்தாள். ஒரு வாய் பெட்ரோல் தொண்டை வரை போய், அன்று முழுக்க வாந்தி. பந்தல் போடுகிற அன்பு ஒரு வழி சொன்னான். கேனின் வாய் மேல்பக்கம் இருக்கும்படி படுக்கைவாட்டில் பிடித்துச் சாய்த்தால் குபுக் குறையும் என்றான். குறையத்தான் செய்தது. ஆனால் நிறைந்த கேனை அப்படிப் பிடிக்க அவள் மணிக்கட்டில் பலமில்லை.

கடைசியில் பெருங்களத்தூரில் ஜெனரேட்டரைப் பழுது பார்க்கும் சிட்டிபாபுவிடம் கேனையே தூக்கிக்கொண்டு போனாள்.

"யக்கா, நீ தண்ணி குடிச்சிகினே மூச்சு வுட்டா இன்னா ஆவும்?" என்றான் அவன்.

"பொரை ஏறும்."

"உன் கேனுக்கு தினமும் பொரை ஏறுது. இருக்குறது ஒரே வாய். அது வழியாவே பெட்ரோல் வெளிய வரணும், காத்து உள்ள போவணும். ரெண்டும் முட்டிகினா குபுக்குதான். பாவம் அது, ஒரு மூக்கு வெச்சு வுடு."

"மூக்கா? எனக்கு இருக்குற பேஜார்ல நீ வேற கிண்டல் பண்றியா?"

"நெசமாத்தாங்க்கா. கைப்பிடியாண்ட, மேல ஒரு ஓட்டை. அதுல சைக்கிள் டியூப் வால்வ இறுக்கமா மாட்டு. ஊத்தும்போது வால்வு மூடிய தொற, முடிச்சதும் மூடு. அப்புறம் பாரு, எண்ணெ மாதிரி எறங்கும்."

ஒரு பழைய டியூபிலிருந்து ரப்பரோடு வால்வை வெட்டி எடுத்து, உள்ளே இருந்த ஊசியைக் கழற்றிவிட்டு, வால்வை அவள் கையில் வைத்தான்.

வீட்டுக்கு வந்து அதைக் காட்டியபோது, எட்மண்ட் இடது கையால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனையோ மாதங்களாகச் செத்துக் கிடந்த முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ஓட்டைய நான் போட்டுத் தரேன். அந்தப் பழைய கேன் காலியாத்தானே கீது? அதுல போடலாம். புது கேன நீ எடுத்துகினு போ."

அந்த வெளிச்சத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அவள் தலையாட்டினாள். எப்படிப் போடுவீர்கள் என்று கேட்கவில்லை. ஐயோ, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

மறுநாள் காலை படப்பையிலிருந்து அழைப்பு வந்தது. பழைய விவசாயக் குடும்பம். இப்போது கடைகளும் லாரிகளும் வைத்திருந்தார்கள். பெரியவர் ஜெயவேலு காலமாகியிருந்தார். வெளிநாட்டிலிருந்து மகள் வர வேண்டும். அன்பு தன் குட்டி யானை லோடு வண்டியில் பந்தல் சாமான்களோடு ஐஸ் பெட்டியையும் ஞானஜோதியையும் ஏற்றிக்கொண்டான். விடாத மழை. அவர்கள் போய்ச் சேர்ந்தபோதே ஊரில் கரண்ட் இல்லை.

கார் நிறுத்தும் கொட்டகையில் ஜெனரேட்டரை வைத்து ஓட விட்டாள். முற்பகலில் டேங்க் காலியாகப் போனது. அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். பெரியவரின் மகன் முனிரத்தினம் பதறி ஓடி வந்தார்.

"ஏம்மா, எதுக்கு நிறுத்துற? உள்ள அப்பா இருக்காரு!"

அதே வார்த்தைகள். ஞானஜோதி இயந்திரத்துக்குக் குறுக்கே நின்றாள்.

"சூடு ஆறட்டும் சார். அதுவரைக்கும் பொட்டி தாங்கும். நான்தான் தாங்க மாட்டேன்."

அவள் முகத்தில் என்ன கண்டாரோ, அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். ஆறும் வரை காத்திருந்து, ஜெபத்தை முணுமுணுத்தபடி கேனைச் சாய்த்தாள். குபுக். புடவையெல்லாம் வாடை. சிந்தியதைத் துடைத்து, ஈரம் காய்ந்து வாடை போகும் வரை நின்று, பிறகுதான் இயந்திரத்தை ஓட விடும் கயிற்றை இழுத்தாள்.

கை கழுவும்போது போன் அடித்தது. எட்மண்ட்.

"ஜோதி, துணிக்கொடி கட்டினது போவ மிச்சக் கம்பி இருந்துச்சே, எங்க வெச்ச?"

"பரண்ல பாரு. எதுக்கு?"

"சும்மாதான். போன்ல சார்ஜ் இல்ல, வெக்கிறேன். நீ வரும்போது உனக்கு ஒரு சந்தோசம் கீது."

எவ்வளவு நாளாயிற்று அவர் குரலில் இப்படி ஒரு துள்ளலைக் கேட்டு! அவள் சிரித்துக்கொண்டே போனை இடுப்பில் செருகினாள்.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. கருகிய பிளாஸ்டிக் நாற்றம்.

பதறித் திரும்பினாள். டீ போடுகிற அடுப்பருகே அன்பு உட்கார்ந்திருந்தான். கையில் துணி சுற்றிய ஒரு கம்பி. அதன் நுனி சிவந்திருந்தது.

"இன்னாடா பண்ற?"

"சாரல் அடிக்குதுல்ல, பழைய ஃப்ளெக்ஸ தட்டி மாதிரி கட்டப் போறேன். கயிறு கோக்க ஓட்டை போடுறேங்க்கா."

சிவந்த நுனி ஃப்ளெக்ஸைத் தொட்டது. வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. ஒரு சுருள் புகை. அச்சாக ஒரு ஓட்டை.

ஞானஜோதியின் கண் அந்த ஓட்டையிலேயே நின்றது.

பிளாஸ்டிக்கில் ஓட்டை போட வேறு எப்படிப் போடுவார்கள்? அவள் வீட்டு ரோஜாத் தொட்டிகளின் ஓட்டை அப்படி வந்ததுதான். சோப்பு டப்பாவின் ஓட்டை, மகள் ஏஞ்சல் சின்ன வயதில் காசு போட்டு வைத்த டப்பாவின் ஓட்டை, எல்லாமே எட்மண்ட் கம்பி காய்ச்சிப் போட்டவை. இப்போது பரணிலிருந்து கம்பி எடுக்கப் போகிறார். பழைய கேன் காலியாகத்தானே இருக்கிறது என்றாரே!

காலியா? வெயிலில் வைத்த காலிக் கேனின் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று மூக்கில் ஏறுமே பெட்ரோல் ஆவி, அது என்ன? மண்ணிவாக்கத்தில் காற்றில் நடந்து வந்ததே, அதுதான் அந்தக் கேனுக்குள் மூடி போட்டுக் கிடக்கிறது. சைலன்சர் சூட்டில் பற்றியது என்று நம்பிக்கொண்டிருக்கும் மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்? அவள்தான் சொல்லவே இல்லையே!

போனை எடுத்தாள். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி. ஸ்விட்ச் ஆஃப். ஏஞ்சல் மறைமலை நகரில் கம்பெனி வேலையில் இருப்பாள். போனை உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள், தெய்வமே!

"யக்கா, எங்க வூட்டாண்ட ஓடு! அவர அந்தக் கேன..."

"இன்னாடி? மழையில ஒண்ணும் கேக்கல. உங்க வூட்டுக்காரரா? பின்னால அடுப்ப பத்த வெச்சிகினு குந்திகினு கீறாரு. இன்னா, இன்னிக்கு ஆம்பள சமையலா? குடுத்து வெச்ச மகராசி நீ..."

"யக்கா! அடுப்ப அணைக்கச் சொல்லு!"

பதில் இல்லை. லைன் அறுந்திருந்தது. மறுபடி போட்டால் டவர் இல்லை.

"அன்பு, வண்டிய எடு" என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

முனிரத்தினம் குறுக்கே வந்தார். "என்னம்மா இது, பெட்டியை விட்டுட்டு எங்க கிளம்புற? கரண்ட்டும் இல்ல."

"டேங்க் நெறைய பெட்ரோல் கீது சார், ஓடும். உங்க அப்பாவுக்கு இனிமே ஒண்ணும் ஆவாது. என் வூட்டுக்காரர் உசுரோட கீறாரு சார். இப்ப போனாத்தான் இருப்பாரு."

முனிரத்தினம் விலகி வழிவிட்டார். பிறகு தானே போய் கேட்டைத் திறந்துவிட்டார்.

குட்டி யானை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. ஒரகடம் போகும் லாரிகள் எதிரே சேற்றை வாரி அடித்தன. ஞானஜோதி கண்ணாடியைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் வானத்தைப் பார்த்தாள். முடிச்சூர் பக்கம் கறுப்பாக ஏதாவது எழுகிறதா? மழைமேகமே கறுப்பாகத்தான் இருந்தது. எது புகை, எது மேகம்?

"இன்னாக்கா ஆச்சு? சொல்லேன்" என்றான் அன்பு.

சொன்னாள். பாதியிலேயே அவன் கால் ஆக்ஸிலேட்டரை அழுத்தியது. அந்தக் கம்பியில் சுற்றியிருந்த துணி அவன் கால்சட்டைப் பையில் இன்னும் இருந்தது. அதை எடுத்து ஜன்னல் வழியே வீசினான்.

மண்ணிவாக்கம் வந்தது. அந்தத் தெருமுனை வந்தது. அந்த இடத்தில்தானா லாரி ஒன்றின் டயர் வெடிக்க வேண்டும்! டமாரென்ற சத்தத்தில் ஞானஜோதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினாள். "முடிஞ்சிருச்சு... முடிஞ்சிருச்சுடா அன்பு..."

"டயருக்கா! அது டயரு! கண்ணத் தொறந்து பாரு!"

அவள் திறக்கவில்லை. கல்யாணமான புதிதில், தாம்பரம் மார்க்கெட்டில் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க எட்மண்ட் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்த கை நினைவுக்கு வந்தது. வலது கை. ஏசுவே, ஒரு கையை எடுத்துக்கொண்டாய், பொறுத்துக்கொண்டேன். மிச்சத்தை விட்டுவிடு.

தெருவில் முட்டளவு தண்ணீர். வண்டி உள்ளே போகாது. அவள் குதித்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வீடு இருந்தது. கூரை ஓடு இருந்தது. புகை இல்லை. ஆனால் அடுப்பின் 'உஸ்' சத்தம் பின்பக்கத்திலிருந்து கேட்டது. இன்னும் போடவில்லை. இதோ, இந்த வினாடிதான் போடப் போகிறார்.

வீட்டைச் சுற்றி ஓடினாள். சிமெண்ட் ஷீட் தாழ்வாரத்தில் அவர் குந்தியிருந்தார். எதிரே எரிகிற அடுப்பு. இடது கையில் கம்பி, நுனி ரத்தச் சிவப்பு.

"போடு! கீழ போடு!"

எட்மண்ட் திடுக்கிட்டார். கம்பி நழுவி மழைநீரில் விழுந்து சுர்ரென்றது. அவள் பாய்ந்து அடுப்பை அணைத்தாள். பிறகுதான் கேனைத் தேடினாள். அது தாழ்வாரத்திலேயே இல்லை. கொல்லையின் அந்தக் கோடியில், மதிலோரம், மழையில் நனைந்தபடி தனியாக நின்றது.

அவர் முகம் நனைந்திருந்தது. மழை அவர்மேல் படவே இல்லை.

"கம்பி கெடச்சதுலேந்து காய்ச்சறேன் ஜோதி. காய்ச்சி எடுத்துகினு எழுந்தா, கால் நகர மாட்டேங்குது. கம்பி ஆறிப்போவுது. திரும்ப வந்து காய்ச்சறேன். ஒரு ஓட்டை போட முடியல என்னால. அன்பு பந்தல் போடுறான், நீ ஜெனரேட்டர் ஓட்டுற. நான் எதுக்குமே லாயக்கில்ல."

"ஏன் கால் நகரல?"

"வேணாம். சொன்னா நீ வேலைக்குப் போவ மாட்ட."

"சொல்லு."

அவர் வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கு சைலன்சர் இல்ல ஜோதி. நான் பாத்தேன். வெளக்குலேந்து... சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. தீ நடந்து வந்துச்சு. கீழ ஒண்ணுமே இல்ல. சும்மா காத்துல."

 ஞானஜோதி ஈரத் தரையிலேயே அவர் அருகில் உட்கார்ந்தாள்.

"நானும் பாத்தேன்."

"நீயா?"

"நீ பயந்துடுவேன்னு நான் சொல்லல."

"நீ பயந்துடுவேன்னுதான் நானும்..."

 ஒரே நெருப்பை இரண்டு பேரும் தனித்தனியாக நெஞ்சில் மூடி வைத்து, ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறார்கள். அவள் அவருடைய மடங்காத விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். துக்க வீடுகளில் எத்தனையோ பேர் அழுவதைப் பார்த்தவள், போன வருஷத்திலிருந்து பாக்கி இருந்த தன் அழுகையை அன்றுதான் அழுதாள்.

மதிலுக்கு மேல் கன்னியம்மாவின் தலை எட்டிப் பார்த்தது. "இன்னாடி ரெண்டு பேரும் அழுவுறீங்க? குழம்பு தீஞ்சு போச்சா?"

அழுகைக்கு நடுவிலும் எட்மண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த அன்பு அடுப்பையும் கம்பியையும் பார்த்தான். "யண்ணா, இதுக்கா அடுப்பு? என்னாண்ட கேக்கக் கூடாதா?" வண்டிக்குத் திரும்பிப் போய், தார்ப்பாய் தைக்கிற குத்தூசியை எடுத்து வந்தான். ஒரு நிமிஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "நானே காலையில கம்பிதான் காய்ச்சினேன். இது வண்டியிலயேதான் இருந்துச்சு."

"மொதல்ல கேன்ல தண்ணி ரொப்பு" என்றாள் ஞானஜோதி. "வழிய வழிய ரொப்பு. உள்ள காத்துக்கு எடமே இருக்கக் கூடாது."

தண்ணீர் நிறைந்த கேனை அவள் முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். எட்மண்ட் இடது கையால் குத்தூசியை ஊன்றித் திருகினார். பிளாஸ்டிக் சுருள் சுருளாக வந்தது. அன்பு கை நீட்டியபோது, "வுடு, நான் போடுறேன்" என்றார். மெதுவாக, மிக மெதுவாக, ஒரு ஓட்டை பிறந்தது. அதைப் பெரிதாக்கி, வால்வை உள்பக்கத்திலிருந்து இழுத்து மாட்டி இறுக்கினார்.

வால்வு மூடியைத் திறந்து, ஞானஜோதி கேனைச் சாய்த்தாள். பழக்கத்தில் தோள்கள் இறுகின. கண்கள் மூடிக்கொண்டன. உதடு ஜெபம் சொன்னது. அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது, தண்ணீர் கண்ணாடிக் கயிறு மாதிரி, ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே ஈரம் இருந்ததால் அன்றைக்கு அந்தக் கேன் உதவாது. நன்றாகக் காய வேண்டும். படப்பையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் போயாக வேண்டும். ஞானஜோதி புடவையைப் பிழிந்துகொண்டு கிளம்பினாள். பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். எட்மண்ட் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"நானும் வரேன்."

விபத்துக்குப் பிறகு அவர் ஒரு துக்க வீட்டுப் படி ஏறியதில்லை.

படப்பையில் மறுபடி பெட்ரோல் ஊற்ற வேண்டிய நேரம் வந்தபோது, எட்மண்ட்தான் முனிரத்தினத்திடம் போனார். வெந்த கையை அவர் பார்க்கும்படி நீட்டினார்.

"சார், ஊத்தி முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கத்துக் கதவ சாத்திக்கிறேன். உள்ள வெளக்கு எரியுது. யாரும் பீடி சிகரெட் பத்த வெச்சிகினு வர வேணாம்."

அந்தக் கையைப் பார்த்த முனிரத்தினம் தானே கதவைச் சாத்தி, அதற்கு முன்னால் காவலாக நின்றுகொண்டார்.

இயந்திரம் ஆறியது. ஞானஜோதி புதுக் கேனைத் தூக்கினாள். அதற்கு இன்னும் மூக்கு வைக்கவில்லை.  கேனின் அடியில் இன்னொரு கை வந்து தாங்கியது. மடங்காத விரல்கள், ஆனால் தாங்குவதற்கு மடங்க வேண்டியதில்லை.

"பயமா கீதா?" என்றார் மெதுவாக.

"கீது."

"எனக்கும்."

இருவருமாகச் சாய்த்தார்கள். குபுக் என்றது கேன்.